ரோஸ் மையில் ஒரு தீர்மான அட்டை

எங்கள் ஆம்பூர் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தபோது நான் மூன்று நாளும் ரட்சிக்கப்பட்டேன். முதல் நாள், 'ரட்சிப்பு வேண்டுகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று மேடையிலிருந்து கூப்பிட்டதும் பயத்தில். இரண்டாம் நாள், முந்தின நாள் ரட்சிப்பு சரியாகப் பிடித்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில். மூன்றாம் நாள், பக்கத்துத் தெருத் தோழி எழுந்து நின்றதால், அவளுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல். எனக்கு அப்போது பத்து வயது.

அம்மா மட்டும் எழுந்திருக்கவேயில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்று நாளும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மானம் போயிற்று. மானத்தைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், ஆண்டவர் வரும் நாளில் சேர்ந்து வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவர் மேலே போய்விடுவார், இன்னொருவர் இங்கேயே நின்றுவிடுவார் என்று தொண்டை கட்டக் கட்டச் சொல்லியிருந்தார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்தாள். எல்லா மிஷினும் நின்றுபோய், அம்மாவின் மிஷின் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

அம்மாவின் பக்கத்து மிஷினில் முன்பு இருந்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டி நிறைய ஜோடிகள் தப்பாகத் தைக்கப்பட்டுப் பெரிய ரகளையாகி, அத்தையைத் தையலிலிருந்து எடுத்துப் பசை தடவும் பக்கம் போட்டுவிட்டார்கள். அந்த வாடையில் அவளுக்குத் தலைவலி தீரவேயில்லை. "நான் தைக்கலண்ணா" என்று அவள் எங்கள் வாசலில் நின்று அழுததும், "செஞ்சது தப்பு, இதுல பேச்சு வேறயா" என்று அப்பா அவளைத் திருப்பி அனுப்பியதும் எனக்கு ஞாபகம். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

மனஸ்தாபத்தோடு போய், அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தை எடுக்கக் கூடாது என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம். அத்தை எல்லோருக்கும் தெரியும்படி, எழுந்து முன்னால் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கோ சொல்லிவைத்த மாதிரி திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் வயிற்றுவலி வந்தது.

கூட்ட முடிவில் எழுந்து நின்றவர்களுக்கு ஆளுக்கொரு தீர்மான அட்டை கொடுப்பார்கள். பெயரும் தெருவும் எழுதி, கீழே, ரட்சிக்கப்பட்டேன், பகையானவரோடு ஒப்புரவாக விரும்புகிறேன் என்பது போல உள்ள நான்கு கட்டங்களில் தனக்குப் பொருந்துவதை டிக் அடித்துத் தர வேண்டும். கடைசி நாள் நான் இரண்டு அட்டை வாங்கினேன். ஒன்றில் அம்மாவின் பெயரை என் ரோஸ் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். எந்தக் கட்டம் என்று விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான்கையும் டிக் அடித்துப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் எங்கள் போதகர் வந்தார். அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். விடிந்தால் திருவிருந்து என்பதால், அட்டை எழுதினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாராம். அப்பா நாற்காலி போட்டார்.

"ஒப்புரவாகணும்னு டிக் அடிச்சிருக்கியேம்மா, யார் கூட?" என்று ஐயர் அட்டையை நீட்டினார்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். ரோஸ் மையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். செத்தேன்டா சாமி என்று துடைப்பம் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன்.

'இதை நான் எழுதல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா சொல்லவில்லை.

"எங்க நாத்தனார் கூடங்க ஐயரே. அந்தப் பெட்டி நான் தைச்சது. வேலை போய்டும்னு பயந்துக்கினு அவ தைச்சதுன்னு சொல்ட்டேன்."

அப்பா எழுந்துவிட்டார். "இன்னா சொல்ற நீ? என் தங்கச்சிய வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பனேனே!" என்றவர், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஐயர் ஜெபம் பண்ணவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கூட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

"மூணு மாசமா நான் பட்ட பேஜார் உனுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும். தெனம் பாத்துக்கினுதான இருந்தேன்."

"என்னாண்ட சொன்னா ஆச்சா? சூப்பர்வைசராண்ட போய்ச் சொல்லு" என்று அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அம்மா சொன்னாள். அத்தை தையலுக்குத் திரும்பினாள். அம்மாவைப் பசைப் பக்கம் போட்டார்கள். அடுத்த மாதத் திருவிருந்தில் அம்மா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்க, அத்தை இடம் மாறி வந்து முழங்கையால் இடித்து, "எழுந்து வா அண்ணி, நேரமாவுது" என்றாள். இரண்டு பேரும் ஒன்றாக முன்னால் போனார்கள்.

எனக்கு எல்லாம் நஷ்டக் கணக்காகத்தான் பட்டது. கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் ஆசீர்வாதம் வந்ததென்று சாட்சி சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததோ அம்மாவின் தலைவலி. எழுப்புதல் எங்கள் தெருவரை வந்து எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்தேன். எனக்கு அடி விழாதது ஒன்றுதான் மிச்சம்.

அந்த அட்டையை யார் எழுதினார்கள் என்று அம்மா இன்றுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மூன்று நாளும் எழுந்து நின்றவள் நான்.