நானே அழுத்திய ‘ஆம்’

கடந்த ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை அது. கனடாவின் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள ஒரு பாடசாலைக்கு முன்னால், முன்கூட்டியே வாக்களிக்க வந்தவர்களின் நீண்ட வரிசையில் நானும் எங்கள் தேவாலயப் பாடற்குழுத் தோழிகள் நான்கு பேரும் நின்றோம். அந்த வரிசையில் நான் பட்ட பயத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை ஈரமாகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிலும் முன்னுக்கு ஓடுகிற ஆள் நான். கோயிலில் ஒன்றுகூடல் என்றால் பெயர் எழுதுவது நான், பஸ் பிடிப்பது நான், யார் எந்தக் கறி சமைப்பது என்று தீர்மானிப்பதும் நான். “முந்திரிக்கொட்டை” என்று என் கணவர் சொல்வார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை எனக்கு. ஒருவர் வாய் திறக்கும் முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அதற்கு முந்திய தேர்தலில் பாடற்குழுப் பெண்கள் நாங்கள் ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஒருத்திக்கு வேலை, ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு வரிசையில் நிற்கப் பஞ்சி, சோம்பல். நான் வேலையால் வந்து படுத்தவள், எழும்பவே இல்லை. பிறகு நினைக்க வெட்கமாக இருந்தது. இலங்கையில், ஊரில் இருந்த காலத்தில் வாக்களிப்பது என்றாலே பயம். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். பயமில்லாத நாட்டுக்கு வந்து குறட்டை விட்டுப் படுத்திருந்தேனே என்று என் மீதே கோபம் வந்தது. அதனால் இந்த முறை தேர்தல் அறிவித்ததும் வட்ஸ்அப் குழுவில் உத்தரவு போட்டேன். எல்லோரும் பதிய வேண்டும், பெரிய வெள்ளி விடுமுறையில் சிலுவைப்பாதை முடிந்ததும் ஒன்றாகப் போய் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஐந்து பேரும் ஒரே தெருவில் இருப்பதால் வாக்களிக்கும் இடமும் ஒன்றுதான்.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலின் கீழ்த்தளத்தில் தேநீர் குடிக்கும்போது கைத்தொலைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன். மூன்று பேரின் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. இல்லாமல் இருந்தது ஒருத்தியுடையது மட்டும். எங்கள் ஐவரில் இளையவள் அவள். மன்னாரில் இருந்து அகதியாக வந்தவள். டவுன்டவுனில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை, கணவர், இரண்டு பெண் பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள். நான் சொன்னால் மறுபேச்சு இல்லை.

சில வாரங்களுக்கு முன்தான் அவள் குடியுரிமைச் சோதனையில் சித்தியடைந்திருந்தாள். அன்று இரண்டு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டு வந்து, “சிற்றிசன் சோதினை பாஸ் பண்ணிட்டன்” என்று எல்லோருக்கும் கொடுத்தாள். நான் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டேன். கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். என் மனதில் அவள் அன்றே கனடியப் பிரஜை ஆகிவிட்டாள்.

ஆகவே அவளுடைய பத்திரங்களைக் கேட்டு வாங்கி, இணையப் பதிவுப் படிவத்தை மளமளவென்று நிரப்பினேன். நீங்கள் கனடியக் குடிமகனா என்று ஒரு கேள்வி வந்தது. அவள் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவே இல்லை. நானே ‘ஆம்’ என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். சொன்னவை எல்லாம் உண்மை என்று உறுதி கூறும் இடத்திலும் என் விரல்தான் பட்டது. சில நாளில் அவளுடைய பெயரில் வாக்காளர் அட்டை வந்தது. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, கை கூப்பும் படமும் போட்டிருந்தாள்.

பெரிய வெள்ளி அன்று வரிசை பாடசாலை மதிலைச் சுற்றி மறு தெருவரை நின்றது. பழைய பனி ஓரத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது. ஒருசந்தி நாள் என்பதால் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பெரிய உற்சாகம். மூன்று மணி வழிபாட்டுக்குள் திரும்பிவிடலாம் என்று நான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் நின்று, வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்திருப்போம். அவள் என் கைப்பக்கமாக வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, சத்தியப்பிரமாணத்துக்கு என்ன நிறச் சேலை உடுக்கலாம்? நீலம் எனக்கு எடுக்குமோ?”

“எந்தச் சத்தியப்பிரமாணம்?” என்றேன்.

“சிற்றிசனுக்குத்தான். வாற மாசம் எண்டு போன கிழமை அறிவிச்சவை. சோதினை பாஸ் பண்ணின பிறகு அதொரு சடங்குதானே.”

அது சடங்கு இல்லை என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் நான் சத்தியப்பிரமாணம் எடுத்தபோது நீதிபதி, இந்த நிமிடத்தில் இருந்துதான் நீங்கள் குடிமக்கள், இனி வாக்களிக்கலாம் என்று சொன்னது காதில் அப்படியே கேட்டது. அதைத் தெரிந்துகொண்டே மறந்திருந்தேன். குடிமகள் ஆகாத ஒருத்தியைக் குடிமகள் என்று அரசாங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் இன்னும் பத்து நிமிடத்தில் உள்ளே போய் வாக்களிக்கப் போகிறாள். அது குற்றம்.

என்ன பறிபோகும் என்பதும் எனக்குத் தெரியும். மன்னாரில் அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அகதியாக வந்தவள், கனடியக் கடவுச்சீட்டு இல்லாமல் ஊருக்குப் போகப் பயந்து பன்னிரண்டு வருடம் அவரைப் பார்க்காமல் இருந்தாள். கடவுச்சீட்டு வந்த கையோடு ஓடிப்போய் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய கனவு. அந்தச் சத்தியப்பிரமாணத்தை நிறுத்திவிட்டார்கள் என்றால், அதற்குள் அவர் போய்விட்டார் என்றால், அந்தப் பழி யாருடையது?

இனிச் சொல்வதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்த யோசனை உண்மையைச் சொல்வது அல்ல, தப்புவது. அவளை ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது, என் பிழையும் மூடப்பட்டுவிடும் என்று நினைத்தேன்.

“உமக்கு முகம் வாடிப்போச்சு. மயங்கி விழுந்திடுவீர். நீர் வீட்டை போம், பிறகு ஒரு நாளைக்குப் போடலாம்” என்றேன்.

“ஒருசந்தியோடை இவ்வளவு நேரம் நிண்டிட்டன், இனி என்ன? போட்டிட்டே வாறன்” என்று சிரித்தாள்.

வரிசை நகர்ந்தது. நான் விறைத்துப்போய் நடந்தேன். வாசலில் ஒரு பாதுகாவலர் நின்றார். அவருடைய சீருடையைப் பார்த்தேன். இத்தனை வருடம் மறந்திருந்த ஊர்ப் பயம், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பயம், அப்படியே திரும்பி வந்தது. எங்களுக்கு முன்னால் ஆறு பேர் மட்டும் இருந்தபோது, அவளுடைய கையைப் பிடித்து மதில் ஓரமாக இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. முகத்தில் இரத்தம் வற்றியதுபோல வெளுத்துப்போனாள். கையில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஊரிலை அண்ணையின்ரை பேரும் ஒரு லிஸ்ரிலைதான் இருந்தது, அக்கா” என்றாள்.

போர்க்காலத்தில் அவளுடைய அண்ணனைப் பட்டியல் பார்த்துப் பெயர் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இதை அவள் எனக்கு முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவளின் பெயரைத்தான் நான் விளையாட்டுப்போல ஒரு பட்டியலில் ஏற்றியிருந்தேன்.

“வாரும், வீட்டை போவம்” என்றேன். எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது. அவள்தான் அசையவில்லை.

“ஓடினா பேர் உள்ளுக்குத்தானே கிடக்கும். நாளைக்கு ஆரும் கதவைத் தட்டினா நான் என்ன செய்யிறது? உள்ளை போய்ச் சொல்லுவம், அக்கா. நீங்கள் கதையுங்கோ.”

அவள்தான் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்.

உள்ளே மேற்பார்வையாளர் நரைத்த தாடிக்காரர். என் பிரெஞ்சு, நோயாளிகளைத் திரும்பிப் படுக்கச் சொல்லவும் வலிக்கிறதா என்று கேட்கவும் போதும். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போதாது. பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இவள் அல்ல, நான், நான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவர் இன்று வாக்களித்துவிட்டாரா? இல்லை என்றேன். அவர் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு எங்களை இருக்கச் சொன்னார். அட்டையை வாங்கிக்கொண்டார். தேர்தல் அலுவலகத்தின் முகவரியை எழுதித் தந்து, நாளைக்கே போய்ப் பெயரை எடுக்கச் சொன்னார். நீங்களாக வந்து சொன்னது நல்லது, பயப்படாதீர்கள் என்று அவளைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார். பிறகு என்னை என் வாக்கைப் போடச் சொன்னார். வாக்குச்சீட்டில் நான் போட்ட புள்ளடிக் குறி கோணலாகிப்போனது. பெரிய கட்டளைக்காரி நான், என் வாக்கையே ஒழுங்காகப் போட முடியவில்லை.

மற்ற மூவரிடமும் வழியில் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தை நானே கேட்டு இருவரும் சேர்ந்து நிரப்பினோம். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, அவள் பதில் சொன்ன பிறகே எழுதினேன். ‘ஆம்’ என்று அழுத்தியது நான், இவருக்குத் தெரியாது என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கையெழுத்து வைக்கும்போது என் வேலை போகுமோ, என் வீட்டுக்கே ஆட்கள் வருவார்களோ என்று மனம் ஓடியது. பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். இது அவளுடைய சத்தியப்பிரமாணத்தைப் பாதிக்குமா என்று கேட்டேன். அது வேறு திணைக்களம், எங்களுக்குச் சொல்லத் தெரியாது என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல நீண்ட நாட்களை நான் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரின் சாப்பாட்டுத் தட்டை இன்னொருவருக்குக் கொடுத்தேன். தபால் பெட்டியைத் திறக்கப் பயம். தொலைபேசியில் தெரியாத எண் வந்தால் பயம். அவளுடைய கணவர் கோயில் வாசலில் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். அது நியாயம்தான். அவள் மட்டும் வழமைபோல “அக்கா” என்றுதான் கூப்பிட்டாள். அதைத் தாங்குவது இன்னும் கஷ்டமாக இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தார். எனக்கு அது ஐம்பது வயதில்தான் ஏறியது.

சத்தியப்பிரமாண நாள் வந்தது. “நீங்களும் வாங்கோ” என்றாள். மண்டபத்தின் பின் வரிசையில் அவளுடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருந்தேன். அவள் நீலச் சேலையில் முன்னால் இருந்த மேசைக்குப் போனாள். அதிகாரி அவளுடைய கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். திரும்பவும் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். செபமாலையைப் பிடித்திருந்த கையில் நகம் பதிந்துவிட்டது. அவளுடைய கணவர் அன்றுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாமல் குனிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. அதிகாரி புதிய தாள் ஒன்றோடு வந்தார். படிவத்தில் அவள் வைத்த கையெழுத்து பெட்டிக்கு வெளியே போயிருந்ததாம், இன்னொரு தடவை வைக்க வேண்டுமாம். அவ்வளவுதான்.

அவள் கையை உயர்த்திச் சத்தியம் சொன்னபோது நான் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு அழுதேன். சின்ன மகள், “மாமி ஏன் அழுறா?” என்று தகப்பனைக் கேட்டாள். அவர் தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

ஆடி மாதம் அவள் மன்னார் போனாள். அப்பாவின் கையைப் பிடித்தபடி ஒரு படம் அனுப்பினாள். கார்த்திகையில் நகரசபைத் தேர்தல் வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. குழுவில் செய்தி போட்டது அவள்தான். “ஞாயிறு பூசை முடியக் கீழை வாங்கோ. எல்லாரும் சேர்ந்து முதலே வோட்டுப் போடுவம். குடியுரிமைப் பத்திரம் இல்லாட்டி பாஸ்போட் கொண்டு வாங்கோ. அக்காவும்தான்.”

அன்று கீழ்த்தளத்தில் ஒவ்வொருவருடைய பத்திரமாகப் பார்த்து வந்தவள், என் முறை வந்ததும் என் கடவுச்சீட்டைத் திறந்து பார்த்தாள். பார்த்ததோடு விடவில்லை. “அக்கா, நீங்கள் கனடியக் குடிமகளோ?” என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறந்து “ஓம்” என்று சொல்லும்வரை காத்திருந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்கான பதில் வரும்வரை பொறுத்திருப்பதுதான் ஒருவருக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதை என்பதை, அவள் என் முன்னால் காத்திருந்த அந்தச் சில வினாடிகள் இன்றும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.