நாலடியாகத் தெரிந்த தண்ணீர்

போன மாசியில் அப்பாவின் சாம்பலைக் கரைக்கப் பள்ளிபாளையத்துக்குப் போனோம். பெரியப்பா மகன் கலயத்தோடு முன்னால் காவிரியில் இறங்க, நான் பின்னால் இறங்கினேன். அடுத்த படி தண்ணீருக்குள் பக்கத்திலேயே தெரிந்தது. காலை வைத்தேன். படி அங்கே இல்லை, இன்னும் கீழே இருந்தது. விழப் போனவளைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். தண்ணிக்குள்ள இருக்கறது எதுவும் மேல வந்தாப்பலதான் தெரியும், பாத்து வெக்கோணும் என்றாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போலச் சொன்னாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். அப்பாவுக்காகவும்தான்.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது அது. எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. அப்பா கல்குவாரியில் துளை போடுகிற வேலை பார்த்தார். குவாரிக் கொட்டகையில்தான் குடியிருந்தோம். கிணறு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் நீந்தினார்கள். எங்களுக்கு நீச்சல் தெரியாது.

பாறையில் வரிசையாகத் துளை போட்டுப் பிளந்தால், நிற்கிற பாறைச் சுவரில் பாதித் துளை நீளக் கோடாகத் தங்கிவிடும். துளை போடும் கம்பியை ராடு என்பார்கள். நாலடி ராடு போட்டால் நாலடிக் கோடு, ஆறடி ராடு போட்டால் ஆறடிக் கோடு. சுவரைக் காட்டி, இது எந்த ராடு என்று அப்பா கேட்பார். அண்ணன் எட்ட நின்றே சொல்லிவிடுவான். ஒருநாளும் தப்பியதில்லை. என் பையனுக்குக் கண்ணே அளவுகோல் என்று டீக்கடையில் அப்பா பெருமை பேசுவார்.

பக்கத்தில் ஒரு பழைய குழி. வெட்டுவதை நிறுத்திவிட்டதால் மழைத் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. அன்று மதியம் அப்பா சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனதும், அவருடைய தூக்குப்போசியைக் கழுவ நானும் அண்ணனும் அங்கே போனோம். எவர்சில்வர் போசி, வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் கையிலிருந்து வழுக்கி விழுந்து, தண்ணீருக்குள் அடுத்த பாறைத் தட்டில் போய் உட்கார்ந்து மின்னியது. அம்மா அடிப்பாள் என்று நான் அழுதேன்.

"ஒரு போசியக் கழுவத் தெரியில. உன்னையக் கட்டறவன் பாவம்டி," என்றான் அண்ணன்.

அப்புறம் தண்ணீருக்குள் தெரிந்த துளைக் கோட்டைப் பார்த்தான். எங்கள் காலடியில் ஆரம்பித்து, போசி கிடந்த தட்டில் முடிந்தது.

"குட்டை ராடுல போட்டிருக்கறாங்க. நாலடிதான். என்ற நெஞ்சுக்குத்தான் வரும்."

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலை விட்டு இறங்கினான். நெஞ்சு போனது, தலையும் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சடக்கி விளையாடுகிறான் என்று நினைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். கை ஒன்று மேலே வந்து பாறையைத் தடவியது. பாசி வழுக்கியது. தட்டின் விளிம்பைத் தாண்டிப் போனான். அங்கிருந்து அடி தெரியாத ஆழம். அதற்கு மேல்தான் கத்திக்கொண்டு ஓடினேன்.

அவனை மண்ணில் வைத்த மறுநாள் அப்பா என்னை அந்தக் குழிக்குக் கூட்டிப் போனார். தோளில் ஆறடி ராடு. எங்கே இறங்கினான் என்று கேட்டார். காட்டினேன். என்ன சொன்னான் என்று கேட்டார். அதையும் சொன்னேன். போசி இன்னும் அங்கேயே மின்னிக்கொண்டிருந்தது.

"உனக்கு எவ்வளவு ஆழமாத் தெரியுது சாமி?"

"அண்ணன் சொன்ன அளவுதானுங்கப்பா."

ராடைக் கோட்டை ஒட்டி இறக்கினார். தட்டில் முட்டியபோது அவர் கை தண்ணீருக்குள் இருந்தது. வெளியே எடுத்தார். நுனிவரை, ஆறடியும் நனைந்திருந்தது. மறுபடியும் இறக்கிப் பார்த்தார், மறுபடியும். எத்தனை தடவை என்று தெரியாது. எனக்குக் கால் வலித்தது.

"எனக்கும் நாலடியாத்தான் தெரியுது," என்றார் கடைசியில். என்னிடம் சொல்லவில்லை, தண்ணீரிடம் சொன்னார்.

"அப்ப உங்களுக்கும் அளவு தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்குக் கோபம் வந்தது. தெரியாதவர் எதற்கு அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று நினைத்தேன். அதை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் பேசாமல் இருந்த நாட்களுக்கு நான்தான் காரணம் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று குழியிலிருந்து திரும்பும் வழியில் சவ்வரிசி ஆலையின் கழிவு வாய்க்கால். தாண்டிவிட அப்பா கையை நீட்டினார்.

"வேண்டாங்க. நானே வாரேன்."

தாண்டி முன்னால் நடந்தேன். நீட்டிய கையை உடனே அவர் மடக்கவில்லை. அப்புறம் ரொம்பப் பின்தங்கி வந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கல் தூசி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.