வாய்க்கால் வள்ளல்கள்

சமயநல்லூரில் எங்கள் தெருவை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்று இப்போது தைரியமாக எழுதலாம். எனக்கு ஒன்பது வயதானபோது அது படுத்துக் கிடந்தது. காலையில் வேலைக்குப் போகிற ஒவ்வொரு பைக்கும் பாலத்தின் மேல் சற்று வேகம் குறையும், ஒரு கேரிபேக் பறக்கும், பைக் போய்விடும். குப்பை வண்டி ஒன்பது மணிக்கு வரும். அதுவரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

வாய்க்காலின் கடைசியில் பெரியப்பாவின் வயல் இருந்தது. நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. வெள்ளிக்கிழமை தண்ணீர் திறக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பாலத்தடி அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வருமே தவிர வயலுக்குப் போகாது. முந்தின வருடம் அப்படித்தான் ஆனது. நாற்று முற்றிப்போய், பெரியப்பா அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். அப்பாவைப் படிக்க வைத்த வயல் அது.

அம்மா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "குப்பை கொட்டாதீர்கள்" என்று அட்டை எழுதிக் கட்டினாள். அந்த அட்டைக்குக் கீழேதான் அதிகம் விழுந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருந்தார். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, எங்கள் பக்கத்தில் பிளெக்ஸில் முகம் வந்தால்தான் அது நடந்ததாக அர்த்தம். "நம்ம ஆளுகளுக்கு எழுத்து ஆகாதுக்கா. படம் போட்டாத்தேன் நிண்டு பாப்பாய்ங்க" என்றார் மாமா. தன் செல்போனை என்னிடம் கொடுத்து மொட்டைமாடியில் உட்கார வைத்தார். இரண்டு காலைகளில் பத்துப் பேரைப் பிடித்துவிட்டேன்.

படங்களைப் பார்த்ததும் மாமாவுக்கே உதறல் எடுத்துவிட்டது. "பத்தும் அடுத்த வீட்டு ஆளுக. இத வச்சம்னா தெருவே நம்மளப் பகைச்சுக்கிரும்க்கா. கடைய நொறுக்கிருவாய்ங்க." கேட்டுக்கொண்டே சாப்பிட்ட அப்பா எழுந்து கை கழுவப் போனார். அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் முகத்திலும் விழுந்துவிடும். மானம் மரியாதை என்றால் அவருக்கு உயிர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தின் மேல் அப்பா! கையில் கறுப்பு கேரிபேக். எடுத்தேன் ஒரு படம். ஓடிப்போய்க் காட்டினேன். மாமா போனை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவரையே நடுவுல போடு. பெருசாப் போடு" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் பாலத்தருகே பிளெக்ஸ் நின்றது. "எங்கள் வாய்க்காலுக்கு நாள் தவறாமல் குப்பை வழங்கிவரும் பதினோரு வள்ளல்களே, வருக! வருக!" நடுவில் ஆளுயரத்துக்கு அப்பா. கீழ் மூலையில் கை கூப்பியபடி நான்: "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்."

முதலில் பரோட்டாக் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எவன்டா என் படத்தப் போட்டது?" நிமிர்ந்தவர், நடுவில் இருந்த அப்பாவைப் பார்த்ததும் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். பிளெக்ஸுக்குக் கீழே நிஜமான அப்பா மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"அண்ணே, மொத ஆளு நான்தேன். வாங்க, சேந்து அள்ளிருவோம்."

பரோட்டாக்காரர் தன் படத்தை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "அள்ளுறது இருக்கட்டும். தொந்தி தெரியாத படமே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்றபடி வாய்க்காலில் இறங்கினார்.

அப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? வள்ளல்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே இறங்கிவிட்டது. வியாழக்கிழமையும் சாக்குச் சாக்காக அள்ளினோம். பாலத்தடியை அடைத்துக்கொண்டு கிடந்தது என்ன தெரியுமா? மாமா அடித்த பழைய பிளெக்ஸ்கள். என் காதுகுத்து பிளெக்ஸ்கூட அதில் வந்தது. மாமா அசடு வழிந்தார். பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் இனிப் புதியது என்று சேற்றில் நின்றபடியே சத்தியம் செய்தார். பரோட்டாக் கடை வாசலில் பெரிய டிரம் ஒன்று வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அதில் போட்டுவிட்டுப் போனால் ஒன்பது மணி வண்டி எடுத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக வந்து பாலத்தடியில் கொஞ்சம் தயங்கியது. தெருவே குனிந்து பாலத்தடியை எட்டிப் பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சல்! விசில் காதைப் பிளந்தது. பிள்ளைகள் எல்லோரும் கத்திக்கொண்டே தண்ணீரோடு போட்டி போட்டு ஓடினோம். வயலில் பெரியப்பா மடையைத் திறந்துவிட, தண்ணீர் உள்ளே புரண்டது. அந்த ஒரு நாளில் எனக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரிசு வாங்கியபோதும் வரவில்லை. ஜெயித்தது நான்தான் என்று நினைப்பு.

"பெரியப்பா, அப்பாவையே புடிச்சுக் குடுத்தது நான்தேன்" என்றேன்.

"ஒங்கப்பன் மாட்டுற ஆளா, தாயி?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன்.

இந்த வருடம் மாமா கடைக் கம்ப்யூட்டரை மாற்றும்போது அந்தப் படங்களை எனக்கு அனுப்பிவைத்தார். மற்ற பத்துப் பேரும் போகிற போக்கில் பை வீசுகிறார்கள், முகத்தில் பாதிதான் தெரிகிறது. அப்பா மட்டும் தெளிவாக இருக்கிறார். பையை எறியவில்லை. நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு, மொட்டைமாடியை நேராகப் பார்த்து, படம் எடுப்பதற்கென்றே நின்றிருக்கிறார்.

அப்பாவையே மாட்டிவிட்டவள் என்று இத்தனை வருடமாக ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் அப்பாவும், ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.