நான் எடுத்துப் போட்ட முதல் பக்கம்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன். எங்கேயும் கைநாட்டு வைத்தவள் இல்லை. மை டப்பாவை நீட்டினவர்களிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஜெராக்ஸ் கடை. வீட்டுக்காரர் போன பிறகு மிஷினை நான்தான் பார்க்கிறேன். வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகம் கொண்டுவருவார்கள். நாலு பக்கம் கேட்பவரும் உண்டு, முழுப் புத்தகம் கேட்பவரும் உண்டு. நான் பேதம் பார்த்ததில்லை. ஸ்பைரல் போட்டு, முதல் தாளில் கடை முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுப்பேன்.

ஒருநாள் ஒரு கணக்குப் புத்தகம் வந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் படம் போட்டு விளக்கம். கேட்பவர் அதிகமாக, ஒரு செட்டைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர், கீழே இரண்டு வரி, மற்றபடி வெறும் வெள்ளை. தாள் வீண் என்று அந்தப் பக்கத்தை எடுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த பக்கத்தில் என் முத்திரை விழுந்தது.

யாரோ அதை அப்படியே போனில் ஏற்றிப் படிக்கிற பிள்ளைகளின் குழுக்களில் விட்டிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் பேத்திதான் காட்டினாள்.

"அப்பத்தா, மணமேல்குடியில இருக்குற என் பிரெண்டுக்கே இது வந்திருக்கு. ஒன் சீலப் பாத்துட்டு நீதான் எழுதுனேன்னு நெனைக்கிறாளுக!"

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நான் எழுதவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடும்படி பேத்தியிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம், கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் அச்சடித்த அதே புத்தகம்.

"அம்மா, இத எழுதுனது நான். ரெண்டு வருசம் ஒக்காந்து எழுதுனேன். இதக் காட்டிப் பயிற்சி மையத்துல வேலை கேட்டேன். 'இது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை நோட்ஸுல்ல, காப்பியடிச்சு ஒன் பேரப் போட்டுக்கிட்டியா'ன்னு கேக்குறாங்க."

"நான் என்னம்மா செய்ய? கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன்."

"படிக்கிறதுக்கு நாலு பக்கம் எடுத்தா நான் ஏன் கேக்கப் போறேன்? முழுசா எடுத்திருக்கீங்க. அதுகூடப் போகட்டும், என் பேரு இருந்த பக்கம் எங்கம்மா? அனுமதி இல்லாம எடுக்கக் கூடாதுன்னு அதுலதானே போட்டிருந்துச்சு?"

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். "ஆத்தா, பேரு இருந்த பக்கத்த ஜெராக்ஸ் போடக் கை வலிச்சுச்சு, சீலு குத்துறப்ப மட்டும் வலிக்கலையாக்கும்?"

எனக்கு முகம் எரிந்தது. "நான் கைநாட்டும்மா," என்று வாய் சொல்லிவிட்டது. "எழுதப் படிக்கத் தெரியாதவ. எனக்கென்ன தெரியும்?"

அவள் என்னையே பார்த்தாள். கோபம் வடிந்து, அந்த முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. "சரிங்கம்மா, தெரியாம செஞ்சுட்டீங்க. இத வச்சுக்கங்க, இனிமே யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லுங்க," என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தெரிந்துதான் செய்தேன். அந்தப் பக்கத்தை எடுக்கும்போது அவள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே 'அனுமதி' என்கிற சொல் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் படித்தால் மிஷினை நிறுத்த வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். ஊரெல்லாம் படிக்கத் தெரியும் என்று பீற்றிக்கொண்டவள், தப்பிக்க வேண்டிய இடத்தில் தெரியாது என்றேன். அந்தப் பெண்ணின் இரக்கத்தையும் கைநீட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் உடம்பு கூசுகிறது.

கடையிலிருந்த செட்டை அன்றே கிழித்தேன். போனில் போனதை எப்படிக் கிழிப்பது?

"அதத் திரும்பப் புடிக்க முடியாது அப்பத்தா. வேணும்னா உண்மைய எழுதி அதே குரூப்புல விடலாம்," என்றாள் பேத்தி.

அதற்காகத்தான் நாலு நாளாக என் கையாலேயே இதை எழுதுகிறேன். அவள் பெயரை இதில் போடவில்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அவள் புத்தகத்தின் பின்னட்டையில் விலாசம் இருக்கிறது. நாளைக்குக் காலையில் போய் இதை அவளிடம் கொடுப்பேன். அவள் சரி என்றால் குழுவுக்கும் போகட்டும், அந்தப் பயிற்சி மையத்துக்கும் போகட்டும். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பேத்தியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்திருக்கிறேன்.

"படிச்சுக் காட்டுடி. தெரிஞ்சுதான் செஞ்சேன்னு ஒரு எடத்துல எழுதியிருக்கேன். எனக்காக அத முழுங்கிடாம, சத்தமாப் படி."