போனட்டில் வைத்த பொட்டு

மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் அந்தக் கார் ஷோரூமில் எனக்குக் கொடுத்த நாற்காலி சுவரோரம் இருந்தது. நான் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் எதிரே இருந்த விற்பனையாளர் எழுந்து வழிவிட வேண்டும். அவர் எழுகிற மாதிரி தெரியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் வாழ்க்கையின் முதல் புதுக் கார், வெள்ளை நிறம். பணம் கட்டியாகிவிட்டது, புதன்கிழமை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் இந்தக் கோட்டிங் விவகாரம். பெயிண்டுக்கு மேல் ஏதோ மருந்து பூசுவார்களாம். பூசினால் வெயிலும் மழையும் காக்கை எச்சமும் ஒன்றும் செய்யாதாம். விலை என் சம்பளத்தில் பாதி.

"மச்சான், நம்ம ஊரு வெயில் தெரியும்ல? ரெண்டே வருஷத்துல வெளுத்துப் போயிடும். இதப் போட்டா அஞ்சு வருஷம் கேரண்டி. போர்ஸ் பண்ணல லா, உங்க இஷ்டம்."

ஒரு மாதத்துக்கு முன்பு வரை அவர் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார். கார் புக் செய்யப் போன அன்று வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். அப்பா அம்மா போன பிறகு நானும் தங்கையும்தான், அவள் டீச்சர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். மறு வாரமே தன் தம்பிக்குப் பெண் பார்க்க, அந்தத் தம்பியோடும் அம்மாவோடும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வடை காபி சாப்பிட்டுப் போனவர்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. ஆனால் நான் மச்சான் ஆகிவிட்டேன்.

தங்கைக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. ஏற்கெனவே மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தன. இதையும் நானே கெடுத்தேன் என்று ஆகிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அந்த நாற்காலியில் என் தலைக்குள் ஓடியது.

ஆபீஸ் நண்பர் ஒருவர், இருபது வருஷம் வொர்க்‌ஷாப்பில் கை கருத்தவர், முன்பே சொல்லியிருந்தார்: "அது ஒண்ணுமில்லப்பா. மாசம் ஒரு வாட்டி வேக்ஸ் வாங்கி நீயே தேய். அம்புட்டுதான்." அதை அப்படியே இவரிடம் சொல்லியிருக்கலாம். சாதாரணமாக எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். மார்க்கெட்டில் மீன்காரரிடம் ஐம்பது காசுக்குச் சண்டை போடுகிறவன். அன்று வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்றால் கஞ்சன் என்று வீட்டில் போய்ச் சொல்வாரோ? கஞ்சன் வீட்டுப் பெண் எதற்கு என்று அந்த அம்மா கேட்பாரோ? மூன்று மணி நேரம் கழித்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து வழிவிட்டார்.

புதன்கிழமை காரோடு கேரண்டி அட்டையும் வந்தது. ஏழு நாளைக்குக் கழுவக் கூடாது, பெயிண்டின் மேல் எந்தப் பொருளும் படக் கூடாது, பட்டால் கேரண்டி செல்லாது. படித்து முடிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "மச்சான், வெள்ளிக்கிழமை கோயில்ல கார் பூசை. அம்மாவே நாள் பார்த்துட்டாங்க. அவங்களும் வர்றாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வந்துடுங்க."

இரண்டு நாளும் மேகம் கறுத்தால் ஜன்னலுக்கு ஓடினேன். மழை படலாமா கூடாதா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் மழையைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை கிள்ளான் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று. குருக்கள் குழைத்த சந்தனத்தை உள்ளங்கை நிறைய எடுத்துக்கொண்டு போனட்டின் மேல் குனிந்தார். என் பாதிச் சம்பளம் என் கண்முன் வந்து நின்றது.

"சாமி, போனட்ல வேணாம். கண்ணாடியில வச்சிடுங்க."

குருக்கள் கையை நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார்.

"புதுக் காருக்குப் பொட்டு வேணாமா? இது என்னங்க பேச்சு? நல்ல காரியம் பேசிக்கிட்டிருக்கிற நேரத்துல."

உங்கள் மகன்தான் எதுவும் படக் கூடாது என்று காசு வாங்கினார் என்று சொல்ல முடியுமா? பெற்ற தாயின் முன்னால் அந்த மனிதரைச் சந்தி சிரிக்க வைத்தால் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றாலும் முடிந்தது. நான் விற்பனையாளரைப் பார்த்தேன். அவர் முன் டயருக்கு அடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அப்போது தங்கை தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்துப் போனட்டின் நடுவில் வைத்தாள். அதன் மேல் குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நெற்றியில் வைப்பது போல நிதானமாக வைத்தாள். பிறகு குருக்களிடம், "தேங்காய் உடைங்க சாமி" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் அவள், "கேட்டிருக்கலாம்லண்ணே" என்றாள்.

"கோட்டிங்கையா? உன்கிட்டயா?"

"என்னைப் பார்க்க வந்தாங்களே, அத."

யோசித்துப் பார்த்தேன். பெண் பார்க்க வந்ததிலிருந்து அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தவித்தேனே தவிர, இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"சரி, இப்பக் கேக்குறேன். உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அந்த மாப்பிள்ளை வந்து ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. முழுக்கக் காரப் பத்தித்தான் உங்ககிட்ட பேசுனாரு. என் பேரக்கூட கேக்கல. எனக்கு வேணாம்ணே. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லாம இருந்தேன்."

வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் போனட்டைத் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. குங்குமம் போன இடத்தில் அவள் கட்டைவிரல் அளவுக்கு ரோஜா நிறத்தில் ஒரு கறை. காக்கை எச்சமே ஒட்டாது என்றார்களே, அந்தப் பெயிண்டில் அது நன்றாகவே பிடித்திருந்தது. அந்தக் காரை விற்கிற வரைக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விற்பனையாளர் போன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம்.

"மச்சான், அம்மாவுக்குப் பரம திருப்தி. பொண்ணே கையால பொட்டு வச்சது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நாள் பார்க்கலாம்னு சொல்றாங்க."

தங்கை மேசையில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா நின்றுவிட்டது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"வேணாம் பாஸ்," என்றேன்.

பேனா மறுபடி ஓட ஆரம்பித்தது.