ராக்கெட் மாமா ஏறிய மாடி

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மாமா குனிந்து ஷூ லேஸை அவிழ்ப்பார். இரண்டு நுனிகளையும் சமமாக இழுத்துப் பார்த்து, மறுபடி கட்டுவார். முடிச்சு முதலிலேயே இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். கட்டி முடிப்பதற்குள் மூச்சிரைப்பு அடங்கிவிடும்.

அம்மாவின் தம்பி அவர், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். களைப்பு வந்து பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தடதடவென ஓடுவார். பாதியில் தொடை கல்லாகிவிடும்; அதன்பிறகுதான் திருப்பத்துக்குத் திருப்பம் அந்த லேஸ் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் 'ராக்கெட்' என்று பெயர் வைத்தார்கள்.

ரத்தம், தசைத் துணுக்கு எல்லாம் சோதித்தபின் டாக்டர் சொன்னார்: தசைக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு.

"லோ வோல்டேஜ்னு சொல்லுங்க. அதுல போய் மோட்டாரை விரட்டியிருக்கேன்" என்றார் மாமா.

படுத்தே கிடந்தால் தசை இன்னும் நலிந்துபோகும், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில் சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர். அலுவலகத்திலோ சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: மோட்டார் அறைக்கு ஏறிக் காட்டு, இல்லையென்றால் கீழே உட்கார்ந்து புகார் போன் எடு. மோட்டார் சத்தம் கேட்காவிட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது. மாதக்கணக்கில் மிதித்தார்.

அந்த நாளும் வந்தது. தண்ணீர் பாட்டிலோடு அம்மாவும் கூட ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன்.

"என்னப்பா ராக்கெட், இன்னிக்கு மாட்டு வண்டியா?" மேலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"ஆமா சார். ஆனா வண்டி வந்து சேரும்."

ஒவ்வொரு திருப்பத்திலும் மாமா களைக்கும் முன்பே நின்றார். லேஸைத் தொடவே இல்லை. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "நில்லுடா, யாரு விரட்டுறா?" என்றாள். இன்னும் ஒரு மாடி. இன்னும் பாதி. கதவு! உள்ளே போய், ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது, தட்டியும்விட்டேன்.

"திங்கக்கிழமை மேலேயே வந்துடு" என்றார் சூப்பர்வைசர். "முதல்ல லேஸைக் கட்டு."

நிஜமாகவே அவிழ்ந்திருந்தது. மாமா குனியாமல் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் இருப்பது தாய்வழியாக வரும் வகை என்று டாக்டர் பிறகு அம்மாவையும் சோதித்தார். அவளுக்கும் இருந்தது. அன்று திருப்பத்துக்குத் திருப்பம் அவள் நின்றது தம்பிக்காக மட்டும் இல்லை.