பானி மாஃபி

இது நடந்தது. நம்பாதவர்கள் கார்மேகத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

எழுபத்தேழில், துபாயில் ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் வீட்டில் அவனுக்கு வேலை. கமுதிப் பக்கத்து ஆள். ஊரில் மனைவி ராக்கம்மாவுக்கு நிறைமாசம். ஏழு வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. லீவு கேட்டான். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள். உடம்புதான் துபாயில் இருந்தது, உயிர் ஊரில் கிடந்தது.

அந்த வீட்டு ஹாலில் ஒரு வெண்கலப் பெண் சிலை. ஒரு சாண் உயரம். முன்னூறு வருஷத்துக்கு முந்தி பிரான்சில் வார்த்ததாம். குளித்துவிட்டு, பொட்டுத் துணியில்லாமல், குனிந்து காலைத் துடைக்கிற கோலம். நம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூசி துடைப்பான். வீட்டுக்கார மேடம் போட்ட சட்டம் ஒன்றுதான்: "பானி மாஃபி!" தண்ணீரே படக்கூடாது, சிலை கறுத்துப்போகும். காய்ந்த துணிதான்.

அன்று மதியம் இரண்டு மணி. வீடே தூங்கியது. ஏ.சி. மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சிலையைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்தான். கொதித்தது... காய்ச்சல்காரி உடம்பு மாதிரி.

நெற்றியில் ஈரம். துடைத்தான். மறுபடியும் ஈரம்...

முதல் தடவையாக அதன் முகத்தை நேராகப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி..."

ராக்கம்மாவின் குரல்.

மேஜையில் டம்ளர் இருந்தது. கை நீண்டது... மேடம் நினைவு வந்தது. வேலை போனால் பிள்ளைக்கு என்ன கதி?

"தண்ணி படக்கூடாது தாயீ..." அந்த உதட்டைத் துடைத்தான். காய்ந்த துணியால்.

சூடு அடங்கியது.

சிலை ஜில்லென்று ஆனது.

பின்பக்கம் ஓடி டிரைவர் கௌஸ் முகம்மதுவிடம் சொன்னான். "வெயில்ல மண்டை காஞ்சிருச்சு உனக்கு. போய்ப் படு," என்றார் அவர்.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. பெண் குழந்தை. தாய் இல்லை. அவன் அழுத அழுகையைப் பார்த்து மேடமே அழுதுவிட்டாள்.

மறுமாசம் அவன் ஊர்க்காரன் சோலையப்பன், அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்புக்குப் புதிதாக வந்து சேர்ந்தான். கார்மேகம் பார்க்கப் போனான். ராக்கம்மாவின் பிரசவத்தின்போது சோலையப்பனின் அம்மா கூட இருந்தவள்.

"தண்ணி குடுத்தா ஆகாதுன்னு மருத்துவச்சி குடுக்கவே இல்லண்ணே. மதினி கெஞ்சுச்சாம். மத்தியானம் போல, ஆளே இல்லாத மூலையப் பார்த்து ஒண்ணு சொல்லுச்சாம். அதோட சரி."

"என்ன சொல்லுச்சு?"

சோலையப்பன் தலை குனிந்துகொண்டான்.

"'அவுககூட தண்ணி குடுக்காம வாயத் தொடச்சுவிட்டுட்டுப் போறாகளே'ன்னு."